சென்னை - டாக்கா ரெண்டரை மணி நேரந்தானுங்க

விமான டிக்கெட் விற்கிற தொழிலில் விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள்தான் ஓட்ட வேண்டும். விமானம் தாமதமானால் எங்களுக்குத் திட்டு. பெட்டி வந்து சேராவிட்டால் எங்களுக்குத் திட்டு. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டால்கூட இறங்கியதும் முதல் போன் எங்களுக்குத்தான். கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற எவருக்கும் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் ஜாதிதான், படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

என் பெயர் கலாமணி. திருப்பூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி மணியண்ணன், நான், ரெண்டு கம்ப்யூட்டர், மழை பெய்தால் ஒழுகும் ஒரு ஏசி. முன்பெல்லாம் சிங்கப்பூர், ஹாங்காங் என்று டிக்கெட் போடுவோம். இப்போது வருகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு டாக்கா. பனியன் ஆர்டரெல்லாம் அங்கே போனது, ஆர்டர் போன வழியிலேயே மாஸ்டர்களும் மேனேஜர்களும் போகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிவக்குமாரும் அப்படிப் போனவர்தான். அவர் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த கம்பெனியை இழுத்து மூடியதும் டாக்காவில் வேலை கிடைத்தது. அவருக்கு முதல் டிக்கெட்டை நான்தான் போட்டேன், ஜன்னல் சீட்டாகப் பார்த்து. கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ரெண்டு வருடம் போய் வந்தால் நிமிர்ந்துவிடலாம் என்று பேச்சு.

சென்னைக்கும் டாக்காவுக்கும் வானத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். நேராகப் போகிற விமானம் ரெண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. இந்த ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை தேய்ந்துவிட்டது.

அரை ஷிப்டுக்கும் கம்மி

திருப்பூரில் நேரத்தை மணிக்கணக்கில் சொன்னால் யாருக்கும் மனதில் ஏறாது. எல்லாம் ஷிப்டுக் கணக்கு. காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தால் ஒரு ஷிப்டு. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்தால் ஒன்றரை, அந்த அரைக்கு ஓ.டி. என்று கூடுதல் கூலி. கல்யாணத்துக்குப் போய்வந்தால் அரை ஷிப்டு போச்சு என்பார்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ஒரு ஷிப்டு போச்சு என்பார்கள்.

பழனிச்சாமி அண்ணன் காங்கேயத்துப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம், இங்கே சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பல வருடமாகச் சரக்கெடுத்த ஒரே பையரின் ஆர்டரில் ஓடிய கம்பெனி. அந்தப் பையர் தன் ஆபீஸைத் தூக்கிக்கொண்டு டாக்காவுக்குப் போய்விட்டார். நேரில் போய்ப் பேசினால் ஆர்டர் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு பெட்டி நிறைய சாம்பிளோடு கிளம்பினார். "டாக்கா எத்தனை ஷிப்டுங்க அம்மிணி?" என்றார். ரெண்டரை மணி நேரம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் கட்டிங் டேபிளைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாடு டாக்காவில் என்று அங்கேயே திட்டம் போட்டார்.

அது சென்னையில் இருந்து கிளம்பினால்தான் என்று எடுத்துச் சொன்னேன். இங்கிருந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட், அங்கிருந்து சென்னை, அங்கே காத்திருப்பு, இமிக்ரேஷன் வரிசை. அல்லது ராத்திரி ரயிலில் சென்னை, விடிந்ததும் ஏர்போர்ட் என்று ஒரு வழி. "சென்னையில இருந்து பார்த்தா திருப்பூரைவிட டாக்காதானுங்கண்ணா கிட்டம்" என்றேன். இது என் கவுண்ட்டர் ஜோக். எல்லோரிடமும் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். மறுநாள் டாக்கா டிராபிக்கில் நடுரோட்டில் நின்றபடி போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஏரோப்ளேன் அரை ஷிப்டுக்கும் கம்மிதான், ஒத்துக்கறேன். ஏர்போர்ட்டுல இருந்து ஓட்டலுக்கு ஒன்றரை ஷிப்டு ஓடிட்டிருக்குது, இதுக்கு ஓ.டி. யாருங்க குடுப்பாங்க?"

வருகிற பிளேனில் போகிறேன்

முருகேசன் பாட்டர்ன் மாஸ்டர். அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. அவருக்கும் டாக்காவில் வேலை. போக வர டிக்கெட்டைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் போனவர் படியிறங்கிப் பாதியில் திரும்பி வந்தார். "யக்கா, போகைல பன்னெண்டுக்குக் கெளம்பி மூணுக்கு எறங்குது. வாரைல நாலுக்குக் கெளம்பி ஆறுக்கே வந்துருது. ஒரே கம்பெனிதான? அந்த வார பிளேனையே போறதுக்கும் போட்டுக் குடுங்க, அது நல்லா வெரட்டி ஓட்டுறான்" என்றார்.

ரெண்டும் ஒரே வேகம்தான், டாக்கா கடிகாரம் நம் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள் என்று பேப்பரில் ரெண்டு வட்டம் வரைந்து காட்டினேன். பனியன் துணியை மடித்து வெட்டிப் பிழைக்கிறவர். நான் வரைந்த பேப்பரையும் நாலாக மடித்துப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் கிளம்பும்போது ஒன்று சொன்னார், சொன்ன மாதிரியே நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்தும் போனார்.

"எப்பிடிப் பார்த்தாலும் யக்கா, போறத விட வாரதுதான் சீக்கிரம்னு ஒங்க டிக்கெட்லயே போட்டிருக்குல்ல, நான் அடிக்கடி வந்துருவேன் பாருங்க."

திரும்பி வந்த பெட்டி

பழனிச்சாமி அண்ணன் நாலு நாளில் திரும்பிவிட்டார். ஆபீஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார், கூடவே அதே பெட்டி. பையர் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றாராம். பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம். சாம்பிளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, துணி அருமை, தையல் அருமை என்று பாராட்டினாராம். பாராட்டிவிட்டு மறுபடி பெட்டிக்குள் ஒழுங்காக மடித்தும் வைத்துக் கொடுத்தாராம். இந்த மடித்துக் கொடுத்ததைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியும் இப்படித்தான் போனது. அன்றைக்கு அண்ணனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாமல், அடுத்த முறை டிக்கெட் கொஞ்சம் முன்கூட்டியே போட்டால் விலை மலிவாகக் கிடைக்கும் என்று என்னமோ உளறினேன். தொழில் புத்தி வேறெங்கே போகும். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டரை மணி நேரத்துல ஆர்டரு அங்க போயிருச்சு அம்மிணி, அது திரும்பி வர்றதுக்கு எத்தனை மணி நேரம்னு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுங்களேன்."

மாமியாரின் பஸ் கணக்கு

எங்கள் மாமியார் கணியூரில் இருக்கிறார். மகன் ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அழாமல் இருக்கட்டும் என்று சொன்னது. அது எனக்கே வந்து விடிந்தது. முதல் வருடம் மூன்று தடவை வந்த எங்கள் வீட்டுக்காரர், ரெண்டாவது வருடம் ஒரு தடவை வந்தார். தீபாவளிக்கு ஷிப்மென்ட் என்றார். பொங்கலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றார். ஒவ்வொரு முறையும் போனில் ஒரே பேச்சு: "ரெண்டரை மணி நேரந்தானே கலா, நெனச்சா வந்துரப் போறேன்." நானும் அதையே மாமியாரிடம் ஒப்பித்தேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் மென்றுவிட்டுக் கேட்டார்.

"கணியூர்ல இருந்து உங்கூட்டுக்கு பஸ்ஸுல வர்றதுக்கே எனக்கு அவ்வளவு நேரம் ஆவுது கண்ணு, நான் மாசம் ரெண்டு தடவ வந்துட்டுப் போறனே?"

ரொம்பத் தூரத்துக்காரர்

மகேஸ்வரி பனியன் கம்பெனியில் தையல் பிசகு பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போகிற பெண். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் டிரைவர். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை ரெண்டு மாத லீவு, அதில் ஒரு நாள் முன்னே பின்னே இல்லை. அவர் வருகிற தேதி தெரிந்ததும் எங்கள் படியேறி வந்துவிடுவாள். விமானம் எத்தனை மணிக்குக் கோயம்புத்தூர் வரும், பெட்டி எடுத்து வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும், கார் எத்தனை மணிக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு போவாள். டிக்கெட்டை அவர் அங்கேயேதான் வாங்குகிறார், எங்களுக்கு அதில் காலணா பிரயோஜனம் கிடையாது. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்க்கும்போது நான் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அந்த முறை பேச்சுவாக்கில், எங்கள் வீட்டுக்காரர் டாக்காவில் இருக்கிறார், பக்கம்தான் என்றேன். அப்படியானால் வாராவாரம் வந்துவிடுவாரா என்று கேட்டாள். நான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினேன். அவள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். ஒன்று சொல்கிறேன், இந்தத் தொழிலில் திட்டு வாங்கலாம், பாவம் மட்டும் வாங்கக் கூடாது.

"எங்கூட்டுக்காரரு ரொம்பத் தூரத்துல இருக்கறாருங்க்கா, அதனால தவறாம வந்துருவாரு."

பிடித்து வைத்த சீட்டு

ஒருவழியாக வீடு முடிந்தது. எங்கள் பக்கம் புதுமனை புகுவதைப் புண்ணியார்ச்சனை என்போம். தை மாதத்தில் நல்ல நாளாகப் பார்த்துக் குறித்தோம். இதற்கு வருகிறாரா இல்லையா என்பதுதான் எனக்கு எல்லாமே என்றாகிவிட்டது. வீட்டைவிட, கடனைவிட, அதுதான். இத்தனை வருடம் தட்டிக் கழித்ததையெல்லாம் அந்த ஒரு நாளில் மறந்துவிடத் தயாராக இருந்தேன். வராமல் போனால் மறக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. போனில் நிச்சயம் வருகிறேன் என்றார். சொன்னது மட்டுமல்ல, லீவில் வந்த முருகேசனிடம் எங்கள் குடும்பத்துக்கு ஒரே நிறத்தில் மூன்று டி-ஷர்ட் கொடுத்தனுப்பினார். மெரூன் கலர். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அன்று சாயங்காலம் மூவரும் போட்டுக்கொண்டு புது வீட்டு வாசலில் படம் எடுக்க வேண்டுமாம். எனக்கு அந்த டி-ஷர்ட்டை முகர்ந்து பார்க்கிற அளவுக்குச் சந்தோஷம்.

அவருக்கு டாக்காவில் இருந்து சென்னை, சென்னையில் இருந்து கோயம்புத்தூர் என்று நானே டிக்கெட் போட்டேன். நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது. பெரிய ஆர்டர், துணியில் கலர் மாறிவிட்டது, பையர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறான், நகர முடியாது. டிக்கெட்டை ரத்து செய்யக் கை வராமல் அன்று முழுக்கத் திரையில் அவர் பெயரையே திறந்து வைத்திருந்தேன். மணியண்ணன் என் பின்னால் வந்து நின்றார். மற்ற நாளாக இருந்தால் கேன்சலேஷன் சார்ஜ் பற்றிப் பிரசங்கம் செய்கிற மனுஷர்.

"எந்திரிச்சுப் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க கலா, நான் கேன்சல் பண்ணிர்றேன், அது உங்க கையில வேண்டாம்."

பலகை மேல் டி-ஷர்ட்

விடியற்காலை முகூர்த்தம். சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வந்து ஹால் நிறைந்துவிட்டது. தம்பதியாக உட்கார வேண்டிய இடத்தில் ரெண்டு பலகை போட்டிருந்தது. ஒன்றில் நான். இன்னொன்றில் அவருடைய வஸ்திரம் ஏதாவது வைக்கச் சொன்னார் ஐயர். பால் காய்ச்சும் முன்னால் பழைய வீட்டுச் சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அவர் வேட்டி சட்டை எல்லாம் வாடகை வீட்டில் கிடந்தது. அவருடையது என்று என் பையில் இருந்தது அந்த மெரூன் டி-ஷர்ட் மட்டும்தான், கவர் பிரிக்காமல். அதைப் பிரித்துப் பலகையில் வைத்தேன். மகள் செல்போனைப் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் அவர் வந்தார். குளித்துத் திருநீறு பூசியிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் தெரிந்தது. எங்கள் ஹாலில் மாட்டியிருந்த கடிகாரம் காட்டிய அதே மணியைத்தான் அதுவும் காட்டியது. டாக்காவில் அரை மணி நேரம் கூடுதலாக அல்லவா காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பேட்டரி போயிருக்கும், அதைக்கூட மாற்ற நேரமில்லாமல் இந்த மனுஷன் உழைக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே ஒரு பனியனைப் பார்த்தாலும் அதை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்க்காமல் விடமாட்டார்கள். கல்யாண வீடோ கருமாதி வீடோ, விதிவிலக்கு கிடையாது. எங்கள் சின்னம்மா இருபது வருடம் செக்கிங்கில் இருந்தவர். ஐயர் மந்திரத்தில் இருக்கும்போதே கையை நீட்டிப் பலகை மேல் இருந்த என் வீட்டுக்காரரை எடுத்தார். கழுத்தை இழுத்துப் பார்த்தார், அடிமடிப்பைத் திருப்பிப் பார்த்தார், கடைசியில் லேபிளைப் படித்தார். படித்துவிட்டு, ஐயருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தையலெல்லாம் ஒரு கொறையும் இல்ல கண்ணு, ஆனா இது நம்மூர்ச் சரக்கு இல்லையே, பங்களாதேசுன்னு போட்டிருக்குது."

ஒரே பிளேன்

நாலு மாதம் கழித்து முருகேசன் அடுத்த லீவில் வந்தார். திரும்பிப் போகிற டிக்கெட்டுக்காக என் எதிரில் வந்து உட்கார்ந்தார், பெரிய பாக்கெட்டில் ஏதோ டாக்கா இனிப்பு. புண்ணியார்ச்சனைக்கு வர முடியாமல் போனதற்கு முதலில் வருத்தம் தெரிவித்தார். எனக்குத் தெரியும், அன்றைக்கு மத்தியானம் சென்னையில் இருந்து அவருக்கு விமானம். முந்தின ராத்திரியே ரயில் ஏறிவிட்டார். அந்த டிக்கெட்டைப் போட்டவளே நான்தானே.

இனிப்பைப் பிரித்து மணியண்ணனுக்கு ஒன்று கொடுத்தார், எனக்கு ஒன்று கொடுத்தார். அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. மனதில் ஒன்றும் இல்லாமல், உபசாரமாகத்தான் சொன்னார். நான் இனிப்பைக் கையில் வைத்தபடி அவர் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எங்கள் ஆபீஸ் கடிகாரம் மாட்டியிருக்கிறது. நல்ல பேட்டரி போட்ட கடிகாரம்.

"நான்தான் வர முடியல, ஒங்க வீட்டு சாரு வந்து நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டாருல்ல யக்கா, பால் காச்சுன அன்னைக்கு மத்தியானம் சென்னை ஏர்போர்ட்ல பார்த்தேன், ரெண்டு பேரும் ஒரே பிளேன்லதான் போனோம், விசேசம் எப்பிடி சார்னு கேட்டதுக்கு அமோகமா முடிஞ்சுதுன்னாரு."

கிட்டம்

அன்று மத்தியானமே போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. புண்ணியார்ச்சனை அன்று எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம். அதற்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னார். கலர் மாறின துணி விஷயமாகப் பையரோடு சென்னையில் மீட்டிங். கம்பெனியே டிக்கெட் போட்டுக் கொடுத்தது. முந்தின நாள் சாயங்காலமே பேச்சு முடிந்துவிட்டது. ராத்திரி லாட்ஜில் தூக்கம். விடியற்காலை எழுந்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வீடியோ.

வேறு எவளாவது இருக்கிறாளா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லையாம். அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டு கோபப்பட்டிருப்பேன். ராத்திரி ரயில் இருந்ததே, ஏறியிருந்தால் விடிவதற்குள் வந்து பலகையில் உட்கார்ந்திருக்கலாமே, அத்தனை ஒறம்பரைக்கு முன்னால் ஒரு டி-ஷர்ட்டோடு உட்கார வைத்தீர்களே என்றேன். மணியண்ணன் எழுந்து கீழே பேக்கரிக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எடுத்துச் சொன்னார்.

"விடிய வந்து எறங்கி, பூசையில உக்காந்துட்டு, மத்தியானத்துக்குள்ள மறுக்கா சென்னைக்கு ஓடணும், ஆகற காரியமா அது? நீயே எல்லாருகிட்டயும் சொல்லுவியே கலா, சென்னையில இருந்து பார்த்தா திருப்பூரைவிட டாக்காதான் கிட்டம்னு."

அந்த ஜோக்கை இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை, டாக்காவுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று யார் வந்து கேட்டாலும், நல்ல காட்டனாக இருக்கிற அவருடைய அந்த மெரூன் டி-ஷர்ட்டால் கம்ப்யூட்டரை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, "ரெண்டரை மணி நேரந்தானுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறேன்.